தொட்டித் தோட்டத்து மகாராஜா

இன்று நாம் பார்க்கப்போகும் பிராணிக்குத் தொட்டித் தோட்டக்காரர் என்று பெயர். சின்னக் காஞ்சிபுரத்தில் தெருவுக்கு ஒருவராவது அகப்படுவார். தோப்பும் துரவும் உள்ளவர்கள் இந்த இனத்தில் சேரமுடியாது. முற்றம் நாலு பாய் விரிக்கும் அளவே இருக்கவேண்டும். அதில் நாற்பது தொட்டிகள் இருக்கவேண்டும். வீட்டார் ஒருக்களித்து நடக்கவேண்டும்.

தாலுகா கச்சேரிக் குமாஸ்தா தேசிகனையே எடுத்துக்கொள்ளுங்கள். சாயக்காரர் கழித்துப்போட்ட பானை, மண்ணெண்ணெய் டின், எது கண்ணில் பட்டாலும் அடியில் ஓட்டை போட்டு மண்ணை நிரப்பிவிடுவார். அவர் மனைவி மரகதவல்லி மாவடு போட ஜாடியைத் தேடினால், அதில் குரோட்டன்ஸ் கொழுந்து விட்டிருக்கிறது!

"எல்லாம் நான் வளர்த்தது!" என்பார் வருகிறவர்களிடம். தண்ணீர் ஊற்றுவது யார்? மரகதவல்லியும் மகள் மங்கையும். கோடையில் வீட்டுக் கிணறு வற்றினால் தெருக்கோடிக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வருவார்கள். இவர் விசிறிக்கொண்டே, "வேர்ல விடு, இலைமேல விடாதே" என்பார். இதற்குப் பெயர் வளர்ப்பது.

போன வைகாசியில் மங்கை முதன்முதலாகப் புக்ககம் புறப்பட்டாள். பெங்களூர் ரோஜாத் தொட்டியில், இரண்டு வருஷம் காத்த பிறகு, ஒரே ஒரு பூ மலர்ந்திருந்தது.

"அப்பா, அதைத் தலைல வெச்சுண்டு போறேனே?"

"அசடே! சாயங்காலம் டிப்டி கலெக்டர் வரார். அவர் பார்க்கவேண்டாமா?"

"ரெண்டு வருஷமா நான்தானே தண்ணி விட்டேன்?"

"விட்டா? தொட்டி யாரோடது?"

மரகதவல்லி கடையில் வாங்கிய கதம்பத்தை மகளுக்குச் சூட்டி ரயிலேற்றி அனுப்பினாள்.

டிப்டி கலெக்டர் வந்தார். ரோஜா இருந்த பக்கமே திரும்பவில்லை. தேசிகனே பறித்துக் கையில் கொடுத்தார். அந்தப் பெரிய மனிதர் காப்பியைக் குடித்துக்கொண்டு, தம் மாற்றல் உத்தரவைப் பற்றிப் பேசிக்கொண்டு, பூவை இதழ் இதழாகக் கிள்ளித் தரையில் போட்டார். மரகதவல்லி துடைப்பத்தை எடுத்து வந்தாள். "என்னமா ரசிச்சார், பார்த்தீரா!" என்று தேசிகன் இன்றைக்கும் என்னிடம் பூரித்துப்போகிறார்.

வாசகரே, சிரிக்கிறீர். உம் வீட்டில் தொட்டியே கிடையாது. சரி, கிராமபோன் உண்டா? கண்ணாடி அலமாரி? சாய்வு நாற்காலி? நீர் வெளியே கிளம்பிய பிறகுதான் உம் மகள் அதைத் தொடுகிறாளா? அவளைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. இல்லை என்றுதான் சொல்லுவாள்.