கரண்ட் போகாத ஞாயிறு

நெய்வேலியில் கரண்ட் போகவில்லை. கலைச்செல்வனுக்கு அதுதான் தொல்லை.

அவன் ஆராய்ச்சிப் பிரிவில் இன்வெர்ட்டர் செய்கிறான். கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாற வேண்டும். மாறும்போது பல்பு சிமிட்டக் கூடாது. மேஜைச் சோதனையில் சிமிட்டியது. திருத்தியிருக்கிறான். சிமிட்டல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று நிஜக் கரண்ட் போகும்போது பார்க்க வேண்டும். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் பல்பை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

"மெயினை நாமளே ஆஃப் பண்ணிப் பார்த்துடலாம் சார்."

"அது கணக்குல வராதுப்பா," என்றார் பிரிவுத் தலைவர் குஞ்சிதபாதம். "தானா போகணும். திங்கக்கிழமை கமிட்டி வருது. ஒண்ணும் காட்டலேன்னா புராஜெக்ட்டை மூடிட்டு உன்னைப் பழையபடி மைன்ஸ் ஷிஃப்டுக்கு அனுப்பிடுவாங்க."

மைன்ஸ் என்றதுமே கலைச்செல்வனுக்குத் தும்மல் வந்தது.

"இங்க எப்படி சார் போகும்? நாமதானே தயாரிக்கிறோம்."

"அப்போ போகிற இடமாப் பார்த்துப் போ."

முத்தாண்டிக்குப்பத்தில் அக்கா பிரபாவதி இருந்தாள். அவள் தெருவில் காற்றடித்தால் முந்திரிக் கிளை கம்பியைத் தொடும். தொட்டால் கரண்ட் போகும். ஞாயிறு காலை பெட்டியையும் பேட்டரியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினான்.

"என்னாடா அது? பலாப்பழம்னு நெனச்சேன்."

"இன்வெர்ட்டர்க்கா. இங்க கரண்ட் போகுமில்ல?"

"அதுக்கு என்னா கேடு? தெனம் போவும். சோறு வடிச்சு வெச்சிருக்கேன், துன்னு. நான் பண்ருட்டி வரைக்கும் போயிட்டு வரேன்."

வீட்டு லைன் மொத்தத்தையும் பெட்டியில் இணைத்தான். சோதனைப் பெட்டி என்பதால் அதற்கு விளக்கும் கிடையாது, சத்தமும் கிடையாது. உள்ளே பதிவாவதை ஆபீஸில் பிரித்துத்தான் பார்க்க முடியும். பல்பைப் போட்டான். ஃபேனைப் போட்டான். பாயில் உட்கார்ந்தான்.

வெளியே நல்ல காற்று. பல்பு அசையாமல் எரிந்தது. சிமிட்டலைத் தவறவிடக் கூடாதென்று ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்தான்.

பக்கத்து வீட்டு மாணிக்கம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"பிரபா தம்பிதானே? செல்லைக் கொஞ்சம் இங்க சொருகிக்கட்டுமாப்பா?"

"தாராளமா." அவள் வீட்டு பிளக் பழுது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

செல்லைச் சொருகியவள் போகவில்லை. ஃபேனுக்கு அடியில் காலை நீட்டினாள். பிறகு ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் மூன்று பேர். டவுன்ஷிப்பிலிருந்து என்ஜினீயர் வந்திருக்கிற செய்தி பரவிவிட்டது. கலைச்செல்வன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"இந்தப் பொட்டி நீ செஞ்சதா சாமி?"

"ஆமாம்மா. ஆனா ஆராய்ச்சி இன்னும் நெறைய வேணும். சூடு குறையணும். பொட்டி சின்னதாகணும். நிலக்கரி என்னைக்கும் இருக்காது பாருங்க. வெயில்ல வர்ற கரண்ட், காத்துல வர்ற கரண்ட் எல்லாத்தையும் இழுத்துப் பிடிச்சு ஒரே தாளத்துல ஓட்டணும்."

"இப்ப ஓடுதே. அதே போதும் சாமி," என்றாள் குழந்தைக்காரி. குழந்தை தூங்கிவிட்டது.

இவ்வளவு மரியாதையை அவன் ஆபீஸில் கண்டதில்லை. ஆனால் பல்பு மட்டும் சிமிட்டுவதாக இல்லை. வெயில் ஏறிவிட்டது. நாளைக்குக் கமிட்டி. சுவரில் லைன்மேன் மருதமுத்துவின் நம்பரை அக்கா கரியால் எழுதி வைத்திருந்தாள். வாசலுக்குப் போய்ப் பேசினான்.

"அண்ணே, கரண்ட் எப்போ போகும்?"

அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

"யார்ரா அது? நக்கலா? கம்பத்து மேல குந்திகினு இருக்கேன்டா."

"இல்லண்ணே, நெஜமாத்தான் கேக்குறேன். ஒரே ஒரு தடவை போனாப் போதும்."

"எந்த வூடு? சொல்லு. எறங்கி வரேன்."

கலைச்செல்வன் போனை அணைத்துப் பைக்குள் போட்டான். கேட்டிருக்கவே கூடாது. இனி அந்த ஆள் வேண்டுமென்றே இந்தத் தெருவுக்குக் கரண்ட்டை நிறுத்தாமல் வைத்திருப்பான்.

உள்ளே வந்தால் அவன் பாயில் யாரோ படுத்திருந்தார்கள். சுவரோரம் நின்றுகொண்டு தலைகளுக்கு மேலாக பல்பைப் பார்த்தான். மைன்ஸில் காலை ஷிஃப்ட் எத்தனை மணிக்கு என்பதை மெல்ல ஞாபகப்படுத்திக்கொண்டான்.

கடைசியாக ஒரு வழி தோன்றியது. தெருவில் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடினால் லைன் தாங்காது. எதிர்வீட்டுப் பன்னீர்செல்வம் துண்டால் முகத்தைத் துடைத்தபடி அப்போதுதான் அக்கா வீட்டு வாசல் ஏறிக்கொண்டிருந்தார். கலைச்செல்வன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, என் வேலையே போயிடும்ண்ணே. உங்க போர் மோட்டாரைப் போடுங்க. தெருவுல எல்லாரையும் அவங்கவங்க மோட்டாரைப் போடச் சொல்லுங்க. அப்போதான் கரண்ட் போகும்."

பன்னீர்செல்வம் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலையிலயே போயிடுச்சே தம்பி. இல்லன்னா தெருவே உங்க அக்கா வூட்டு ஃபேனுக்கு அடியில வந்து கெடக்குமா?"