ஆறு குப்பி, ஒரு கட்டைவிரல்

மனித குலத்தின் ஆறாத புண்களுக்கெல்லாம் முற்றுப்புள்ளி வைக்கப்போகும் நிறுவனம் ஹைதராபாத் பேகம்பேட்டில், ஒரு வணிக வளாகத்தின் நான்காவது மாடியில் இருக்கிறது. பெயர் ‘நவத்வசா தோல் மறுமலர்ச்சி மையம்’. லிஃப்ட் வேலை செய்யாது. கால் புண்காரர்கள் படியேறி வருவதே பாதி சிகிச்சை என்பது இயக்குநர் டாக்டர் விஸ்வநாத்தின் உயர்ந்த கொள்கை.

மோசஸும் படியேறித்தான் வந்தார். மல்லாபூர் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தோரு வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அல்வாலில் வீடு, உடம்பில் சர்க்கரை. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போன புது ஷூ வலது கால் கட்டைவிரலைக் கடித்துவிட்டது. அந்தக் கல்யாணப் பெண்ணுக்குக் குழந்தையே பிறந்துவிட்டது, புண் மட்டும் ஆறவில்லை. “இன்னும் ஆறு வாரம் பார்க்கலாம். மூடலைன்னா விரலை எடுத்துடணும்” என்று சர்ஜன் சொல்லிவிட்டார். மோசஸுக்கு அந்த விரல் வேண்டும். அறுபத்து நான்கு வருடம் கூடவே நடந்து வந்த விரல்.

“கவலையே படாதீங்க மிஸ்டர் மோசஸ்” என்றார் டாக்டர் விஸ்வநாத். “நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் கண்ணுக்கே தெரியாத சின்னச் சின்னப் பைகளை வெளியே அனுப்பும். பைக்குள்ள செய்தி இருக்கும். ‘இங்கே புதுத் தோல் போடு, அங்கே ரத்தக் குழாயை இழு’ன்னு பக்கத்து செல்லுக்கு உத்தரவு. அந்தப் பைகளைச் சேகரிச்சுப் புண்ணுல விட்டா, புண் தானா மூடிக்கும்.”

“ஆபீஸ் மெமோ மாதிரி, சார்?”

“எக்ஸாக்ட்லி!”

மோசஸுக்கு விஞ்ஞானம் முழுவதும் விளங்கிவிட்டது. மெமோ வந்தும் அசையாத ஆளை அவர் தம் சர்வீஸில் பார்த்ததில்லை. பதினான்கு பக்கப் படிவத்தில் பதினான்கு கையெழுத்துப் போட்டுவிட்டு, வாரம் ஒரு குப்பி என்று ஆறு குப்பிகளுக்கு உரியவரானார்.

“ஏன் படிக்காமப் போட்டீங்க?” என்றாள் மனைவி டோரிஸ். “ரேஷன் கடையில எடைக்கல்லையே தூக்கிப் பாக்கிற ஆளு!”

“அது அரிசி. இது ஆராய்ச்சி.”

ஆராய்ச்சி மிகுந்த ஒழுங்கோடு நடந்தது. வாரா வாரம் ஒருங்கிணைப்பாளர் மாதங்கி கையுறை மாட்டி, புண்ணை அளந்து, ஒரு குப்பியைத் திறந்து விரல்மேல் ஊற்றுவாள். ஒருமுறை ஒரு துளி மோசஸின் உதட்டில் தெறித்தது. உப்புக் கரித்தது.

“மெமோ உப்பா இருக்குமாம்மா?”

“செல்லே உப்புதானே அங்கிள்” என்றாள் மாதங்கி.

புண் இம்மியும் நகரவில்லை. ஆனால் முன்னேற்றமே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மூன்றாம் வாரம் டாக்டரின் கன்னச் சுருக்கம் மறைந்தது. நான்காம் வாரம், ஆராய்ச்சி நேர்மையாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் ‘நெறிமுறைக் குழு’வின் தலைவர் சக்ரபாணியின் நெற்றி, இஸ்திரி போட்ட சட்டைபோல ஆகிவிட்டது. டாக்டரின் மனைவியும் குழு உறுப்பினருமான கல்பகத்தை, டோரிஸ் டாக்டரின் மகள் என்று நினைத்து விசாரித்தாள்.

ஆறாம் வாரம் வெற்றி விழா. மறுநாள் காலை பத்து மணிக்கு மோசஸுக்கு ஆபரேஷன் தியேட்டர். அதற்கும் விழாவுக்கும் சம்பந்தமில்லை என்று மாதங்கி தெளிவுபடுத்தியிருந்தாள். மேடைக்கு ஒரு நோயாளி தேவை. ஆராய்ச்சியில் இருந்த ஒரே நோயாளி மோசஸ்.

“புண்ணைப் பத்திப் பேச வேண்டாம் அங்கிள். நம்பிக்கையைப் பத்திப் பேசுங்க. அதுக்கு முன்னாடி இதுல ஒரு கையெழுத்து” என்று ரிஜிஸ்டரைத் திறந்தாள்.

ஸ்டோர்கீப்பருக்கு எதிர்மேஜையில் தலைகீழாகக் கிடக்கும் ரிஜிஸ்டரும் நேராகத்தான் தெரியும். முதல் குப்பி: டாக்டர் விஸ்வநாத், வலது கன்னம். இரண்டு: மேற்படியார், இடது கன்னம். மூன்று: திரு. சக்ரபாணி, நெற்றி. நான்கு: திருமதி கல்பகம், கண்ணுக்குக் கீழே. ஐந்து: மேற்படியார், கழுத்து. ஆறு: மேற்படியார், கழுத்தின் மீதி. இருப்பு: இல்லை.

“என் பேர் எங்கேம்மா?”

“சோதிக்காத மருந்தை உங்க மேல போட முடியுமா அங்கிள்? நீங்க எங்க பொறுப்பு. அதான் பெரியவங்க தியாகம் பண்ணி முதல்ல தங்கள் மேல போட்டுப் பாத்தாங்க.”

“எனக்கு ஊத்தினது?”

“சலைன். உப்புத் தண்ணி. நீங்க ‘ஒப்பீட்டுக் குழு’. மருந்து போடாதவங்களுக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சாத்தானே மருந்தோட அருமை தெரியும்? ஒன்பதாம் பக்கத்துல இருக்கு.”

“குழுவில வேற யாரு?”

“நீங்கதான். தலைவரும் நீங்களே.”

மோசஸுக்குக் கோபம் வந்தது. ஒரு நட்டு போல்ட்டைக்கூட வேறு டிபார்ட்மெண்டுக்கு மாற்றிக் கொடுத்தறியாத மனிதர் அவர். கையெழுத்துப் போடாமல் எழுந்து மேடையேறினார்.

“பெரியோர்களே! இந்த மருந்து வேலை செய்யுமான்னு யாருக்காவது சந்தேகம் இருந்தா, தயவுசெஞ்சு மேடையைப் பாருங்க. டாக்டர் ஐயா கன்னம், ரெண்டு பக்கமும். சக்ரபாணி சார் நெற்றி. அம்மாவோட கழுத்து, முழுசா.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சக்ரபாணி எழுந்து கும்பிட்டார். கல்பகம் கழுத்தை லேசாகத் திருப்பிக் காட்டினார்.

மோசஸ் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுத் துணியை மெதுவாகப் பிரித்து, பூங்கொத்துக்களை நகர்த்திவிட்டு, வலது காலைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். கைதட்டல் நின்றது.

“யாரையும் குறை சொல்லல சார். உங்களுக்குக் குனியச் சிரமம்னுதான் மேலேயே வச்சிருக்கேன். ஒவ்வொருத்தரா வந்து முகத்தை இந்த விரல்மேல ரெண்டு நிமிஷம் வச்சு எடுத்தாப் போதும். மருந்து பூரா உங்ககிட்டதான் இருக்கு. விரல் என்கிட்ட நாளைக்குப் பத்து மணி வரைக்கும்தான் இருக்கும்.”