முப்பத்து நான்கு பேருக்கு ஒரே பக்கம்

இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பி வந்தவனைப் போல ஆபத்தான ஆள் வேறு யாரும் கிடையாது. ஒன்றும் தெரியாதவன் வாயை மூடிக்கொண்டு இருப்பான். முழுக்கத் தெரிந்தவன் யோசித்துப் பேசுவான். இரண்டு நாளில் கற்றுக்கொண்டவன் மட்டும் மூன்றாம் நாள் காலையிலேயே ஊருக்குச் சொல்லிக் கொடுக்கக் கிளம்பிவிடுவான். நான் கிளம்பினேன்.

அப்போது திண்டிவனத்தில் ஒரு கலைக் கல்லூரியில் கணினித் துறை விரிவுரையாளராகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. விழுப்புரத்தில் வீடு, தினமும் பஸ். சென்னையில் நடந்த பயிற்சியில் டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ என்பதைப் பற்றிச் சொன்னார்கள். மாணவர்கள் தாங்கள் செய்த வேலைகளை, அது படமோ நோட்டீஸோ சின்ன ப்ரோகிராமோ, இணையத்தில் ஒரு பக்கத்தில் அழகாக அடுக்கி வைக்க வேண்டும். வேலை கேட்கும் இடத்துக்கு அந்த லிங்க்கை அனுப்பினால் போதும். எனக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. ஏனென்றால் எங்கள் பிள்ளைகளின் பயோடேட்டாவைப் பார்த்தவன் நான். அப்பா பெயர், மதம், ரத்த வகை, இடது முழங்கையில் மச்சம் என்று எல்லாம் இருக்கும். என்ன செய்யத் தெரியும் என்பது மட்டும் இருக்காது. திருவாமாத்தூரிலிருந்து வரும் சந்தோஷ் என்கிற பையன் பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'தூக்கம்' என்று எழுதியிருந்தான். (பொய் சொல்லவில்லை. என் வகுப்பில் தினமும் நிரூபித்தான்.)

"பயோடேட்டா காலம் முடிஞ்சுபோச்சு," என்று வகுப்பில் அறிவித்தேன். "இனிமே எல்லாம் போர்ட்ஃபோலியோதான். போன்ல எதையும் வெச்சிக்கினு இருக்காதீங்க. மேல ஏத்திட்டு அழிச்சிடுங்க. மேல எல்லாம் பத்திரமா இருக்கும்."

இந்த நேரத்தில்தான் எங்கள் பிரின்சிபால் ஒரு நல்ல காரியம் செய்தார். புதுச்சேரியில் ஒரு வடிவமைப்பு நிறுவனத்தைப் பிடித்து, அவர்கள் ஆளை எங்கள் கல்லூரிக்கு வரச் சம்மதிக்க வைத்தார். வருபவர் மாணவர்களின் வேலைகளைப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். ஆறு மாதம் சம்பளத்தோடு பயிற்சி, பிறகு அங்கேயே வேலை. முப்பத்து நான்கு பேர் இருந்த வகுப்பில் ஒருவருக்குத்தான் இடம்.

அன்று வகுப்பு முடிந்ததும் ஜெசிந்தா வந்தாள். இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் தானாக வந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"சார், எனக்கு இது கெடைக்கணும் சார். புதுச்சேரி கிட்ட பொம்மையார்பாளையத்துல எங்க அத்தை வீடு இருக்குது. அங்கேர்ந்து போய்க்குவேன்னு சொல்லி எங்கப்பா கிட்ட சம்மதம் வாங்கிட்டேன். வேற ஊர்ன்னா வுட மாட்டாங்க."

"நான் இருக்கேன், கவலப்படாத," என்றேன். நான் இருந்ததுதான் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்.

மாணவர்களுக்கு மாதிரி காட்டுவதற்காக என் பெயரில் ஒரு பக்கம் உருவாக்கி வைத்திருந்தேன். மூன்று நாள் மாலைகளில் திருத்தித் திருத்திச் செய்தது. அந்த மூன்று நாட்களில் நான் என்னென்ன எழுதினேன், எதையெல்லாம் அழித்தேன் என்பதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

அந்த இலவசத் தளத்தில் பக்கத்தைப் பகிர்வதற்கு இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்றை அழுத்தினால் ஆளுக்கொரு நகல் போகும். இன்னொன்றை அழுத்தினால் நம்முடைய பக்கத்தையே எல்லோரும் திறந்து திருத்தலாம். இந்த வித்தியாசத்தைப் பயிற்சியின் இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லிக் கொடுத்தார்களாம். சாப்பாடு பிரியாணி. எனக்கு இரண்டாவது பொத்தான்தான் கண்ணில் பட்டது.

வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் லிங்க்கைப் போட்டு இப்படி எழுதினேன்: 'இதைத் திறந்தால் மாதிரிக்கு ஒருவருடைய பெயர், படம், விவரங்கள் இருக்கும். அவற்றை முழுவதும் அழித்துவிட்டு உங்களுடையதைப் போட்டுச் சேமிக்கவும். முடித்தவர்கள் தகவல் தெரிவிக்கவும்.'

எங்கள் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பவர்கள். ஜெசிந்தா பத்தாவது நிமிடம் உட்கார்ந்து என்னை அழித்துவிட்டுத் தன்னைப் போட்டாள். அடுத்தவன் திறந்தான். மாதிரிக்கு யாரோ ஜெசிந்தாவின் விவரம் இருக்கிறது என்று நினைத்து, சார் சொன்னபடி முழுவதும் அழித்துவிட்டுத் தன்னைப் போட்டான். அவனை அடுத்தவள் அழித்தாள். இப்படி நான்கு நாட்களில் முப்பத்து நான்கு பேரும் ஒழுங்காக ஒருவரையொருவர் அழித்து முடித்தார்கள். குழுவில் 'டன் சார்', 'டன் சார்' என்று வந்துகொண்டே இருந்தது. எண்ணிப் பார்த்தேன், முப்பத்து நான்கு. ஒருவர் பாக்கியில்லை. திறந்து பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முப்பத்து நான்கு 'டன் சார்' வந்த பிறகு திறந்து பார்ப்பது பிள்ளைகளைச் சந்தேகப்படுவதாகும் என்று விட்டுவிட்டேன். எல்லோருடைய லிங்க்கையும் வரிசையாக ஒரு பட்டியலில் ஒட்டச் சொன்னேன். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி நீளமாக இருந்தன. லிங்க் என்றால் அப்படித்தானே இருக்கும்.

அந்த நாள் வந்தது. செமினார் ஹாலில் பெரிய திரை, பூங்கொத்து, போண்டா. புதுச்சேரியிலிருந்து வந்தவர் ஷர்மிளா என்கிற மேடம். அதிகம் பேசாதவர். மேடையில் லேப்டாப்பை இயக்குவதற்குக் கணிதத் துறை விரிவுரையாளர் தமிழ்ச்செல்வி மேடத்தைக் கேட்டிருந்தேன். அதற்கு ஆயிரம் பேர் இருந்தும் அவரைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. நான் பேசுவதை அவர் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை.

பேசினேன். பதினைந்து நிமிடம் பேசினேன். "எங்கள் மாணவர்கள் ஒவ்வொருவரும் தனித்துவமானவர்கள். ஒருவரைப் போல் இன்னொருவர் இருக்க மாட்டார்," என்று முடித்துவிட்டு, முதல் லிங்க்கைத் திறக்கும்படி தமிழ்ச்செல்விக்குக் கை காட்டினேன். பட்டியலில் முதல் பெயர் அபிநயா.

திரையில் சந்தோஷ் வந்தான். செஞ்சிக் கோட்டைப் படிக்கட்டில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நின்றான்.

"இது அபிநயாங்களா?" என்றார் ஷர்மிளா மேடம்.

"ஏதோ மாறிப்போச்சு மேடம். அடுத்தது பாக்கலாம்."

அடுத்ததும் சந்தோஷ். அதற்கடுத்ததும் சந்தோஷ். ஆறாவது சந்தோஷுக்குப் பிறகு பிரின்சிபால் என் பக்கம் சாய்ந்து, "என்னா சார் இது, வரிசையா இவனே வந்துக்கினு இருக்கான்?" என்று கேட்டார்.

மூன்றாம் வரிசையிலிருந்து சந்தோஷ் எழுந்தான். "நான் கரெக்டாதான் போட்டேன் சார். நேத்து ராத்திரிதான் போட்டேன்." கடைசியாக 'டன் சார்' சொன்னவன் அவன்.

இதற்குள் பின் வரிசையில் யாருக்கோ விஷயம் புரிந்துவிட்டது. கைகள் மேசைக்கு அடியில் போயின. அவரவர் போனை எடுத்து, அவசர அவசரமாகத் தன் பெயரைப் போட ஆரம்பித்தார்கள். அவ்வளவும் எங்கள் கண் முன்னால் பெரிய திரையில் நடந்தது. சந்தோஷ் என்ற பெயர் அழிந்து அபிநயா வந்தது, அது பாதியில் நின்று கார்த்திக் ஆனது. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே 'பரதநாட்டியம், ஏழு வருடம்' என்று தோன்றியது. ஒருத்தி தன் முகத்தைப் போட்டாள், உடனே ஒருவன் அந்த இடத்தில் தன் டிராக்டரைப் போட்டான். ஹால் முழுக்கச் சிரிப்பு. ஷர்மிளா மேடம் மட்டும் சிரிக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஜெசிந்தா எழுந்து நின்றாள்.

"சார், என்னுது எங்க சார்?"

"போன்ல இருக்கும் இல்ல? அதக் காட்டு," என்றேன்.

"நீங்கதான சார் மேல ஏத்திட்டு அழிச்சிட சொன்னீங்க? எங்கண்ணன் போன் சார். இடமே இல்ல. அன்னிக்கே அழிச்சிட்டேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது.

ஷர்மிளா மேடம்தான் பேசினார். "ஒண்ணும் போகலங்க. ஒவ்வொரு தடவையும் சேமிச்சப்போ எப்படி இருந்துச்சோ அதெல்லாம் உள்ள இருக்கும். பழசையெல்லாம் வரிசையா திறந்து பாக்கலாம். ஆனா பக்கம் உங்க பேர்ல இருக்கு. நீங்கதான் பாஸ்வேர்டு போட்டுத் திறக்கணும்."

பழசெல்லாம் உள்ளே இருக்கும். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குக் காது அடைத்தது. ஏனென்றால் ஜெசிந்தாவின் பக்கத்துக்கு நேர் அடியில் இருப்பது நான். அந்த மூன்று நாள் நான்.

"நெட் ஸ்லோவா இருக்குது மேடம். நாளைக்கு நானே எடுத்து அனுப்பி வெச்சிடறேன்."

"இங்க முடிச்சிட்டு விழுப்புரத்துல இன்னொரு காலேஜுக்குப் போறேன். இங்கேர்ந்து ஒரு பேரு இன்னிக்கே சொல்லியாகணும்."

ஜெசிந்தா இன்னும் உட்காரவில்லை. நான் போய் பாஸ்வேர்டைப் போட்டேன். முதல் தடவை தப்பாக அடித்தேன்.

"யாரு முதல்ல போட்டது?" என்று கேட்டார் ஷர்மிளா மேடம்.

"நான்தான் மேடம். லிங்க் வந்த உடனே போட்டேன்," என்றாள் ஜெசிந்தா.

"அப்ப ஆரம்பத்துலேர்ந்து வாங்க. ஜல்தியா பாத்துடலாம்," என்றார் பிரின்சிபால். அவருக்கு மதியம் இன்னொரு கூட்டம்.

தமிழ்ச்செல்வி முதல் பதிவைத் திறந்தார். கோட்டு போட்ட என் படம், அடியில் விவரம். எழுத்து பொடியாக இருந்ததால் பின் வரிசையில், "தெரியல மேடம்," என்றார்கள். தமிழ்ச்செல்வி கணிதம் நடத்தும் குரலில் கணீரென்று வாசித்தார்.

"அனுபவம்: ஏழு ஆண்டுகள். சர்வதேச மாநாட்டில் சிறப்புரை ஆற்றியவர். பிரெஞ்சு மொழி: சரளம்."

ஷர்மிளா மேடம் என் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். நான், "தேங்க்யூ மேடம்," என்றேன். அவர் கேட்டது என் பெயரை என்று பிறகு தெரிந்தது.

அடுத்த பதிவு. "அனுபவம்: ஐந்து ஆண்டுகள். மாநாட்டில் கட்டுரை வாசித்தவர். பிரெஞ்சு: நன்றாகப் பேசுவேன்."

அதற்கடுத்தது. "அனுபவம்: ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். மாநாட்டில் கலந்துகொண்டவர். பிரெஞ்சு: பேசினால் புரியும்."

என் மனசாட்சி மூன்று நாட்களில் எவ்வளவு சிரமப்பட்டு வேலை செய்திருக்கிறது என்பதை மொத்தக் கல்லூரியும் படிப்படியாகப் பார்த்தது. (மாநாட்டில் நான் உண்மையில் செய்தது தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தது. பிரெஞ்சு என்பது புதுச்சேரித் தெருப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படித்தது.) பதினோராவது பதிவில் ஏழு ஆண்டுகள் 'அனுபவம் மிக்கவர்' என்று சுருங்கியிருந்தது. பிரெஞ்சு, 'ஆர்வம் உண்டு' என்ற அளவுக்கு இறங்கியிருந்தது.

"நீங்க சேந்து ரெண்டு வருஷம்தான சார் ஆகுது? நான்தான கையெழுத்துப் போட்டேன்," என்றார் பிரின்சிபால், உண்மையான குழப்பத்தோடு.

பன்னிரண்டாவதில் ஜெசிந்தா வந்தாள்.

படம் ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை. பெயர், அடியில் வேலை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு வழிகாட்டிப் பலகை வடிவமைத்திருந்தாள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிறம், ஒரு படம். செஞ்சிக்குக் கோட்டை, மரக்காணத்துக்கு உப்புக் குவியல், விழுப்புரத்துக்கு ரயில், புதுச்சேரிக்குக் கலங்கரை விளக்கம். பஸ்ஸின் நெற்றியில் ஒட்டுவதற்கும் அதே படங்கள், தூரத்திலிருந்து தெரிகிற அளவில்.

"இத ஏன் பண்ணீங்க?" என்றார் ஷர்மிளா மேடம்.

"எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது மேடம். மல்லாக்கொட்டை மூட்டைய வெச்சிக்கினு ஒவ்வொரு பஸ்ஸா ஏறி எறங்கிக் கேட்டுக்கினு இருப்பாங்க. கண்டக்டருங்க திட்டுவாங்க. அதான்."

ஷர்மிளா மேடம் ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்த்தார். நிறங்களைப் பற்றி நான்கைந்து கேள்விகள் கேட்டார். ஜெசிந்தா எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். மீதிப் பேருடைய பதிவுகளையும் பொறுமையாகப் பார்த்து முடித்துவிட்டு, போகும்போது ஒரு பெயரைச் சொன்னார். ஜெசிந்தா அடுத்த மாதம் பொம்மையார்பாளையத்துக்குப் பெட்டியைக் கட்டினாள்.

அந்த வகுப்பை நான் விட்டுவிடவில்லை. இன்றைக்கும் வருடா வருடம் நடத்துகிறேன், இந்த வட்டாரத்தில் என்னைவிட நன்றாக யாரும் நடத்துவதில்லை என்று தைரியமாகச் சொல்வேன். முதல் பொத்தானைத்தான் அழுத்துகிறேன். ஒவ்வொரு பக்கத்தையும் நானே திறந்து பார்க்கிறேன். யாராவது 'டன் சார்' என்றால் எனக்கு இன்னும் லேசாக வியர்க்கும்.

வீட்டில்தான் நிலைமை சரியில்லை. அது நடந்து ஒன்றரை வருடம் கழித்துப் பெண் பார்க்கப் போனோம். என் அப்பா பெண் வீட்டாரிடம் பெருமையாக, "பையன் ஏழெட்டு வருஷமா காலேஜுல வேல பாக்குறான்," என்றார். உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்த பெண் அங்கிருந்தே, "மூணரை வருஷம் மாமா," என்று திருத்தினாள். பெண் தமிழ்ச்செல்வி. எதற்காக என்னைச் சம்மதித்தாய் என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். "எல்லாரும் எதையாச்சும் மறைச்சிக்கினுதான் பொண்ணு பாக்க வராங்க. உங்க கிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல," என்றாள்.

போன வாரம் மகளைப் பள்ளியில் சேர்க்க மூன்று பேரும் போயிருந்தோம். விண்ணப்பத்தில் தந்தைக்குத் தெரிந்த மொழிகள் என்று ஒரு கட்டம். நான் தமிழ், ஆங்கிலம் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். தலைமையாசிரியை பார்த்துக்கொண்டிருக்க, ஐந்து வயது மகள் காகிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, அம்மா சொல்லிக் கொடுத்த கதையை மறக்காமல் கேட்டாள்:

"பிரெஞ்சு போடலயாப்பா?"