பசுந்தாங் ஐந்தாம் மாடியில் ஒரு பிரெஞ்சு மாளிகை

சிரஞ்சீவி மைத்துனர் பழனியப்பனுக்கு, அத்தான் தங்கவேலு ஆசீர்வாதம். பிரான்சில் நீ சுகமாக இருப்பாய். இங்கே ரங்கூன் பசுந்தாங் பேட்டையில் நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை; முறைக்காக எழுதிவிட்டேன். ஃபோனில் பேசினால் உன் அக்கா பிடுங்கிவிடுவாள், அதனால்தான் காகிதம்.

லுவார் நதிக்கரையில் ஒரு மாளிகை முன்னால் நின்று படம் எடுத்து, 'இதை இங்கே ஷத்தோ என்பார்கள், நம்ம இடம்தான் அக்கா' என்று அனுப்பினாயே, அன்றைக்குப் பிடித்தது சனி. ரேவதி அதைக் கதவகலத்துக்குப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினாள். மாட்டியதோடு நின்றாளா? "தம்பி ஷத்தோவுல இருக்கான், அக்கா பசுந்தாங்குல புறாக்கூண்டுல கெடக்கணுமா?" என்று, லைங் தாயாவிலிருந்து ஒரு தகரவேலைக்காரரை வரவழைத்து, நம் ஐந்தாம் மாடி பால்கனியின் இரண்டு மூலையிலும் கூம்புத் தொப்பி வைத்த கோபுரம் எழுப்பிவிட்டாள். துணி காயப்போட இடமில்லை. என் சாய்வு நாற்காலி குளியலறையில் நிற்கிறது. தெருவில் போகிற பர்மியப் பெண்கள் புதுசாக ஏதோ புத்தர் கோயில் என்று நினைத்துக் கும்பிடுகிறார்கள். ஒருத்தி பூச்சரத்தோடு ஐந்து மாடியும் ஏறி வந்துவிட்டாள். நான் பனியனோடு கதவைத் திறந்தேன். பாவம், மூச்சு வாங்க என்னையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

இது போகட்டும். கியாக்தான் ஊர் தேவராஜ், மகனோடு நம் சாந்தியைப் பெண் பார்க்க வந்தார். நம் கட்டடத்தில் யாரும் கீழே இறங்காமல் கயிறு விட்டுத்தான் சாமான் இழுப்போம் என்பது உனக்குத் தெரியும். ஆறாம் மாடி காஜா மைதீன் பாய் மொஹிங்கா பொட்டலத்தை இழுக்க, அது நம் கோபுரத்து உச்சியில் மாட்டிக் கிழிய, மீன்குழம்பு அத்தனையும் டாக்சியை விட்டு இறங்கிய தேவராஜ் தலையில். பாய் மேலிருந்து, "தங்கவேலண்ணே, கோட்டை கட்டுறீங்க சரி, எங்க நாஷ்டாவுக்கு ஒரு வழி விடக்கூடாதா?" என்று கத்துகிறார்.

தலையைக் கழுவி, என் கைலியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த மனுஷர் குதிப்பார் என்று நடுங்கினேன். அவரோ படத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"இது யாரு வீடு?"

"என் தம்பி வீடு" என்றாள் ரேவதி.

"எத்தனை ரூமு?"

"அவனே இன்னும் எண்ணி முடிக்கல."

"அப்ப கல்யாணத்த அங்கயே வச்சிருவோம். எங்க பக்கம் ஒரு நாப்பது பேரு வருவோம்."

ரேவதி தலையாட்டுகிறாள்! சாந்தி என்னை உள்ளே இழுத்து, "அவரு நல்லவராத்தான் தெரியறாருப்பா. ஆனா அவங்க அப்பா என்னையப் பாக்கவேயில்ல. மாமா வீட்டத்தான் பொண்ணு பாத்துட்டுப் போறாரு" என்று கண்ணைத் துடைத்தாள்.

நேற்று கரண்ட் வந்த நேரத்தில் கண்ணாடி போட்டுக்கொண்டு படத்தைச் சரியாகப் பார்த்தேன். உன் தோளுக்குப் பின்னால் ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். தொப்பி போட்ட ஒருவர் டிக்கெட் கிழிக்கிறார். ஏனப்பா, சொந்த வீட்டுக்குள் போக எவனாவது டிக்கெட் எடுப்பானா? நீ அங்கே காவலா, தோட்டவேலையா, சுற்றிப்பார்க்கப் போனவனா? எதுவானாலும் எனக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. ஆனால் என் பெண் ஒரு பொய்யை நம்பிக் குடித்தனம் போகக்கூடாது. அது உன் வீடில்லை என்று தேவராஜுக்கு உன் கையாலேயே எழுது. இல்லாவிட்டால் நான் எழுதுவேன்.

உன் மனைவி மக்களுக்கு எங்கள் அன்பு. காளியாத்தா உன்னை அந்த ஊர்க் குளிரிலிருந்தும், என்னை உன் அக்காவிடமிருந்தும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தங்கவேலு

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது சாந்தி வந்தாள். அது மாமா வீடில்லை என்று பையனிடம் அவளே உள்ளதைச் சொல்லிவிட்டாளாம். "எனக்கு ஒரு ரூமு போதும். தாலி கட்டுற வரைக்கும் எங்கப்பாகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க" என்றானாம். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. அது உன் வீடுதான். அறை நாற்பத்திரண்டு. கூரை ஒழுகுகிறது, மராமத்து நடக்கிறது, கல்யாணத்தை ரங்கூனிலேயே வையுங்கள் என்று தேவராஜுக்கு உடனே எழுது.