விநாசித்தம்பிக்கு இரண்டு புள்ளிகள்

பினாங்கில் இருந்த தமிழர்கள் அத்தனை பேரும் செவ்வாய்க்கிழமை காலை காணாமல் போனார்கள். வரைபடத்திலிருந்துதான். ஆனால் பக்கிரிசாமி அலறிய அலறலுக்கு நிஜமாகவே எல்லோரும் கப்பலேறிவிட்டார்களோ என்று தோன்றும்.

"குணவதி, இங்க வந்து பாரு! சீனவங்க வீடு இருக்கு, மலாய்க்காரங்க வீடு இருக்கு. நம்ம ஆளுங்க வீடு ஒண்ணுகூட இல்லலா!"

அது ஜார்ஜ்டவுனில் வரைபடம் வரைகிற ஓர் அலுவலகம். வீட்டுக்காரர்களின் பெயர்களோ வேறோர் அலுவலகத்தின் தரவுத்தளத்தில் இருந்தன. இரண்டையும் இணைத்தால், வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தொட்டதும் அந்த வீட்டுக்காரர் பெயர் திரையில் வரவேண்டும். வியாழக்கிழமை மேலதிகாரிகள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. இதற்கென்று மென்பொருள் வாங்க மனமில்லாத அலுவலகத் தலைவர் பக்கிரிசாமி, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்று இன்டர்நெட்டில் இலவசமாகத் திறந்துவைத்திருந்த ஒன்றை இறக்கிக்கொண்டார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். குணவதி மூன்று வாரமாக அந்த மாட்டிடம் உதை வாங்கிக்கொண்டிருந்தாள்.

குற்றவாளி ஒரு சாய்கோடு. இந்த நாட்டில் தமிழர் பெயர் என்றால் முதலில் தன் பெயர், பிறகு மகன் என்பதற்கு 'ஏ/எல்', மகள் என்பதற்கு 'ஏ/பி', அதன் பிறகு அப்பா பெயர். நடுவில் நிற்கிற அந்தக் கோட்டைக் கண்டு மிரண்டுபோய், மென்பொருள் ஆளையே தள்ளிவிட்டிருந்தது.

"கோடுதானே? வெட்டி விட்டுடு," என்றார் பக்கிரிசாமி.

வெட்டினாள். தமிழர்கள் திரும்பி வந்தார்கள், ஆனால் பாதிப் பாதியாக. மென்பொருள் கோடு இருந்த இடத்தில் பெயரை இரண்டாக்கி, முன்பாதியை எறிந்துவிட்டுப் பின்னால் இருந்த அப்பா பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. எல்லா வீட்டிலும் அப்பாக்கள் குடியேறிவிட்டார்கள்.

"என்ன குணா, செத்துப்போன எங்கப்பா ஆயர் ஈத்தாம்ல வீடு வாங்கியிருக்காரு? பாவம், ஆயுசு முழுக்க வாடகை வீடுலா அவருக்கு," என்று சிரித்தார் பக்கிரிசாமி.

குணவதிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய அப்பா விநாசித்தம்பி போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. 'எங்கப்பாவுக்கு நான் ஒருத்திதான்' என்று சின்ன வயதிலிருந்து ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள். அவரைத் தூக்கிக்கொண்டு போனபோதும் அதையே சொல்லித்தான் அழுதாள். இப்போது அவளிடம் மிச்சமிருந்த ஒரே சொத்து அந்த வாக்கியம்தான்.

திரையிலாவது ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமே என்று அப்பாவின் பெயரைத் தட்டினாள்.

இரண்டு புள்ளிகள் ஒளிர்ந்தன. ஒன்று அவள் பெயரில் இருந்த வீடு. இன்னொன்று கடலுக்கு அந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாமில்.

அப்பா அந்த ஊர் ரயில் நிலையத்தில் கிளார்க்காக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சனிக்கிழமை தவறாமல் அங்கே போய் வருவார். ரயில்மீது அவ்வளவு பாசம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"டூப்ளிகேட்டா இருக்கும். ரெண்டு தடவை வந்ததைத் தூக்கச் சொல்லு, தூக்கிடும்," என்றார் பக்கிரிசாமி.

தூக்கச் சொன்னாள். சொன்ன பேச்சை முதல்தடவையாகக் கேட்டது. ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்களில் ஒரு வீட்டை மட்டும் விட்டுவைத்து, மற்ற அண்ணன் தம்பி அக்காள் தங்கை வீடுகளை எல்லாம் மாநிலம் முழுக்கத் துடைத்துவிட்டது. குணவதியின் வீடும் போயிற்று. புக்கிட் மெர்தாஜாம் மட்டும் குத்துக்கல் மாதிரி நின்றது.

"சார், நிஜ வீட்டை அழிச்சிட்டு அதை வச்சிருக்கு!"

"அதுக்கு நிஜம் பொய்யெல்லாம் தெரியாதும்மா. சந்தேகம்னா நேர்ல போய்ப் பார்த்துட்டு வா. அதானே நம்ம வேலை?"

கிளம்புமுன் வீட்டுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, புக்கிட் மெர்தாஜாம்ல அப்பா பேர்ல வேற யாராச்சும் இருக்காங்களா?"

அந்தப் பக்கம் அடுப்பில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது.

"வெயில்ல அலையாதே. சாப்பிட வந்துடு," என்று அம்மா கனகேஸ்வரி போனை வைத்துவிட்டாள்.

கடலைக் கடக்கிற பெர்ரிப் படகில் நின்றபடி குணவதி மனசுக்குள் சண்டை போட்டாள். எங்கம்மா குடும்பத்தில் மண்ணைப் போட்டவள் யார்? கடைசிக் காலத்துக் கிழவரை எப்படி மயக்கினாள்? வசனமெல்லாம் தயாராக இருந்தது. அப்பாவைக் கேட்கவும் நாலு வார்த்தை இருந்தது. செத்தவரிடம் எப்படிச் சண்டை போடுவது? அக்கரையில் பட்டர்வொர்த் வருவதற்குள் கோபம் தீர்ந்து அழுகைதான் மிஞ்சியது.

பஸ் பிடித்து, விசாரித்து, அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

திறந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். மழித்த தலையில் நரை முளைத்துக்கொண்டிருந்தது. ஏதோ கோயில் வேண்டுதல் போல.

குணவதிக்குப் போன உயிர் திரும்பியது. ஒரு சிறுக்கியையும் அவள் இடுப்பில் ஒரு பிள்ளையையும் எதிர்பார்த்து வந்தவளுக்கு, தன்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஒரு மனிதர்! இது வேறு யாரோ ஒரு விநாசித்தம்பி. அவளுடைய அப்பா அவளுக்கு மட்டும்தான் அப்பா. அந்த இடத்திலேயே கும்பிடலாம் போலிருந்தது.

"மன்னிச்சுக்குங்கண்ணே, வீடு மாறி வந்துட்டேன். ஜார்ஜ்டவுன் விநாசித்தம்பி மக நான். அதே பேர்ல இங்க ஒருத்தர் இருக்காருன்னு..."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். கண் கலங்கியது. கதவை அகலத் திறந்துவிட்டார்.

"உள்ள வா தங்கச்சி. சின்னம்மா எப்படி இருக்காங்க?"