முப்பத்தேழு வீட்டு ஆங்கிலம்

ஆலத்தூர் நாடு,
கொல்லிமலை.
தாது வருஷம், கார்த்திகை மாதம் 12ஆம் தேதி.

பினாங்கில் சகல சௌபாக்கியங்களோடும் ரப்பர்த் தோட்டத்து ஆபீஸ் சாவிக்கொத்தோடும் வீற்றிருக்கும் மாமா அவர்களின் பாதங்களுக்கு, மருமகன் அர்த்தனாரி நமஸ்கரித்து எழுதிக்கொண்டது. நரி தூக்கிப் போன ஒரு ஜோடி செருப்பு நீங்கலாக, இவ்விடம் நான் முழுசாக, சுகமாக இருக்கிறேன். அங்கே தாங்களும், அத்தையும், ருக்குமணியும், தங்கள் முழங்கால் வலியும் எப்படி என்று அறிய ஆவல்.

தாங்கள் அனுப்பிய கடிதத்தையும் கப்பல் சீட்டையும், மிளகு வாங்க மலையேறி வரும் சேந்தமங்கலத்து அக்பர் அலி பாய் கொண்டுவந்து கொடுத்தார். வருகிற இருபதாம் தேதி நாகப்பட்டினத்தில் கப்பலேற வேண்டும், ஆபீஸில் எனக்காக நாற்காலி துடைத்து வைத்திருக்கிறது, தை பிறந்ததும் ருக்குமணிக்கும் எனக்கும் கல்யாணம் என்று கட்டளையிட்டிருக்கிறீர்கள். மாமா, கோபிக்காமல் கேளுங்கள். நான் வரமாட்டேன். உறுதியாகச் சொல்கிறேன். ருக்குமணிமேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது, அந்த நாற்காலிமேல்தான் குறை. நான் பினாங்கிலிருந்து புறப்படும்போது நீங்களே என்ன சொன்னீர்கள்? 'சம்பளம் வாங்காமல் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போகிறாயாக்கும்! ஒரு வருஷத்தில் அந்த மலைக்காரர்கள் ஒரு ஸ்கூல் இன்ஸ்பெக்டர் முன்னால் இங்கிலீஷ் பேசட்டும், அப்புறம் நீ எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போ. இல்லாவிட்டால் மரியாதையாக வந்து நாற்காலியில் உட்கார்' என்று பத்துப் பேர் கேட்கச் சொன்னீர்கள். இன்ஸ்பெக்டர் போன வாரம் வந்தார். பேசினார்கள். எப்படிப் பேசினார்கள் என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன், பிறகு உங்கள் மனசு.

முதலில் இந்த ஊரின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கே மொத்தம் முப்பத்தேழு வீடுகள். பாதை செதுக்குவதா, கோயிலுக்கு வேலி கட்டுவதா, சாமைக்கொல்லையில் பன்றி விரட்டுவதா, எதுவானாலும் நாளுக்கு ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு ஆள் என்று முறை வைத்துத்தான் செய்வார்கள். நான் வந்து பள்ளிக்கூடம் வைக்கிறேன் என்றதும் ஊர்க்கவுண்டர் மாதேஸ்வரன் என்னை மேலும் கீழும் பார்த்தார். சம்பளம் வேண்டாம் என்று சொன்னதில் அவருக்குப் பெரிய சந்தேகம். அந்தச் சீமையில் என்ன குத்தம் பண்ணிப்போட்டு ஓடி வந்தீங்க என்று நேராகவே கேட்டார். நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்த பிறகுதான் குடிசை போட்டுக்கொடுத்தார்கள். மறுநாள் காலையில் சென்னம்மாள் என்கிற அம்மாள் ஒருத்தி மட்டும் வந்தாள். ஒரு ஆளாவது வந்ததே என்று 'குட் மார்னிங் சார்' சொல்லிக்கொடுத்தேன். அருமையாகச் சொன்னாள். அடுத்த நாள் அவளைக் காணோம். குப்புசாமி என்கிறவர் தோளில் மண்வெட்டியோடு வந்து நிற்கிறார். "சென்னம்மாள் எங்கே?" என்றேன்.

"அது நேத்தே வந்துட்டுப் போயிருச்சுங்களே! இன்னிக்கி எங்க ஊட்டு மொறைங்க. எந்த எடத்துல வெட்டோணும், சொல்லுங்க."

படிப்பையும் ஊர் வேலையில் சேர்த்துவிட்டார்கள், மாமா! தலைபாடாய் அடித்துக்கொண்டேன். பாடம் என்றால் ஒரே ஆள் தினமும் வர வேண்டும் என்று கவுண்டரிடம் மன்றாடினேன். "அதெப்படீங்க? அத்தனை கஷ்டத்தையும் ஒருத்தர் தலையிலயே கட்டுனா ஞாயமுங்களா?" என்று கேட்டார். அவர் முகத்தில் எனக்காக இரக்கம்கூட இருந்தது. முதல் சுற்றில் முப்பத்தேழு நாள் முப்பத்தேழு பேருக்கு 'குட் மார்னிங் சார்' சொல்லிக்கொடுத்தேன். எனக்கே அந்தச் சொல்லைக் கேட்டால் காய்ச்சல் வருகிற மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் விடக்கூடாது என்று வைராக்கியம். யார் வந்தால் என்ன, பாடம் நடக்கட்டும் என்று இரண்டாம் சுற்றிலிருந்து நாளுக்கு ஒரு புதுப்பாடமாக ஓட்டினேன். ஆக மொத்தம், இந்த ஊரில் ஆங்கிலம் வீட்டுக்கு வீடு பிரிந்து கிடக்கிறது. மழையைப் பற்றி ராமாயி வீட்டுக்குத் தெரியும், குடை, விளக்கு போன்ற சாமான்கள் பொன்னாயி வீடு, வழி கேட்பதும் சொல்வதும் அண்ணாமலை வீடு.

இப்படியிருக்கையில் கீழேயிருந்து இன்ஸ்பெக்டர் மூச்சிரைக்க ஏறி வந்தார். பள்ளிக்கூடம் இனியும் நடக்கலாமா, இழுத்து மூடலாமா என்பது அவர் எழுதும் ஒரு வரியில் இருக்கிறது. கொல்லைக்கும் சந்தைக்கும் போனவர்கள் நீங்கலாக ஊரே கூடிவிட்டது. வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் 'குட் மார்னிங் சார்' என்றதும் மனுஷர் சொக்கிப்போனார். நான் நெஞ்சை நிமிர்த்தினேன். அதோடு விட்டாரா? தன் குடையைத் தூக்கி, முன்னால் நின்ற குப்புசாமியிடம் இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். குப்புசாமி கொஞ்சமும் தயங்காமல், "அது பொன்னாயி ஊட்டுப் பாடமுங்க. பொன்னாயி கொல்லையில இருக்குதுங்க, இருங்க கூட்டியாரேன்" என்று ஓடினார். இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். அரைமணி கழித்துப் பொன்னாயி அரிவாளும் கையுமாக வந்து, "திஸ் இஸ் ஆன் அம்ப்ரல்லா சார்" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டு, வந்த வேகத்தில் கொல்லைக்குத் திரும்பிவிட்டாள். மழை பிடிக்குமா என்று கேட்டார், ராமாயியைக் கூட்டி வந்தார்கள். வயதைக் கேட்டார். அந்தப் பாடம் பாவாயி வீடு. பாவாயி சந்தைக்குப் போயிருந்தாள். "வெசாழக்கெழமை வந்துருமுங்க, அதுவரைக்கும் தங்கிப் போட்டுப் போங்க" என்று கவுண்டர் உபசாரம் பண்ணினார். உங்கள் நாற்காலி கண்முன்னால் ஆடியது. இன்ஸ்பெக்டர் நெடுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினார். நான் எட்டிப் பார்த்துப் படித்தேன்: 'இங்கே ஆளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஊருக்குத் தெரிகிறது. இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம்.'

ஆகையால் ஜெயித்தது நான்தான், மாமா. நீங்கள் கொடுத்த வாக்கை நீங்கள் காப்பாற்ற வேண்டும். என் திட்டத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு வருஷம் இங்கே. பிறகு காசி, அங்கிருந்து டார்ஜிலிங், அங்கேயும் மலைதான், அங்கேயும் ஒரு பள்ளிக்கூடம். பிறகு ரங்கூன், பிறகு சயாம் வழியாக நடந்தே பினாங்கு. ஐந்து வருஷம் ஆகலாம், ஆறும் ஆகலாம். அதுவரை கல்யாணப் பேச்சு வேண்டாம். ஊர்க்கவுண்டரிடம் இதைச் சொன்னபோது, "இத்தனை ஊருக்கும் நீங்க ஒருத்தரேவா நடப்பீங்க, சாமி? மாத்து ஆளு இல்லீங்களா?" என்று மிகவும் வருத்தப்பட்டார். என் முடிவில் மாற்றமில்லை. கப்பல் சீட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நான் இந்த மலையை விட்டு ஓர் அடி நகர மாட்டேன். இது உறுதி.

அத்தைக்கு என் நமஸ்காரம். ருக்குமணிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சுகம் விசாரித்ததாகச் சொல்லவும். தங்கள் முழங்காலுக்கு முருகன் துணையிருக்க வேண்டும். சின்னவன் பேச்சில் பிழையிருந்தால் பெரிய மனசு பண்ணிப் பொறுக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்,
உறுதியுள்ள அர்த்தனாரி.

பி.கு.: 14ஆம் தேதி. இந்தக் கடிதத்தோடு கப்பல் சீட்டு இல்லை. தேடாதீர்கள். சீட்டை வைக்கப் பெட்டியைத் திறந்தேன், காணோம். கவுண்டரிடம் ஓடினேன். அவர் சாவகாசமாக, "மாமன் கூப்புட்டா ஆள் போவோணுமுங்க, அது மொறை. நீங்க போனா பாடம் நின்னு போவும். அதுக்குத்தான் இன்னிக்கி மொறை யாரு ஊடுன்னு பாத்து அண்ணாமலைகிட்டச் சீட்டைக் குடுத்து அனுப்பியாச்சுங்க. வழி கேக்கற பாடம் அவன்கிட்டத்தானுங்களே இருக்குது!" என்கிறார். எனக்கு உதவி செய்துவிட்டதாக ஊரே பூரித்து நிற்கிறது, எப்படித் திட்டுவேன்? இதைப் படிக்கும்போது அண்ணாமலை உங்கள் வாசலில் நின்றால் நாற்காலியில் வேண்டுமானால் உட்காரவையுங்கள், மணவறையில் மட்டும் உட்காரவைத்துவிடாதீர்கள். என் முறைக்கு வந்திருப்பதாகச் சொல்லி அவர் உட்கார்ந்தாலும் உட்கார்ந்துவிடுவார். அவருக்கு இங்கே பெண்டாட்டியும் மூன்று குழந்தைகளும் இருக்கிறார்கள். நான் இதோ இறங்குகிறேன். நாகப்பட்டினத்தில் அவரைப் பிடிக்க முடியாவிட்டால் அடுத்த கப்பலில் நானே வருகிறேன். அதுவரை பாடம் சொல்லச் சென்னம்மாளை உட்காரவைத்துவிட்டார்கள்.

புறப்படும்போது கவுண்டர், "மாசி எட்டாந்தேதிக்குள்ள வந்துருங்க, அன்னிக்கி உங்க ஊட்டு மொறை" என்றார். எந்த வீடு என்றேன். "இந்தக் குடிசைதானுங்க. முப்பத்தெட்டாவது ஊடு" என்றார். மாமா, எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் ஒரு சிக்கல். பாடம் சொல்கிறவனே போய்ப் பாடம் கேட்க முடியாது. என் வீட்டிலிருந்து அனுப்புவதற்கு இன்னொரு ஆள் வேண்டும். ருக்குமணிக்குச் சம்மதமா என்று கேட்டு வையுங்கள்.