அண்ணாச்சி போட்ட இலை

திருகாணி வைத்த எந்தப் பொருளும் பந்தி அண்ணாச்சியிடமிருந்து தப்பியதாக ஷார்ஜா முவைலாவில் சரித்திரம் கிடையாது.

எங்கள் எதிர்வீட்டுக்காரர். தென்காசிப் பக்கம். டைல்ஸ் கம்பெனியில் சம்பளம் போடுகிற வேலை. மூன்றாம் மாடி சேட்டன் வீட்டு வாஷிங் மெஷின் சத்தமே இல்லாமல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் அவருக்குச் சந்தேகம். "சத்தமில்லாம ஓடுதுன்னா உள்ள என்னமோ நடக்குது வே" என்று போய்க் கழற்றிவிட்டார். அன்றிலிருந்து அண்ணாச்சி தலை தெரிந்தால் சேட்டன் மிக்ஸியைப் போர்வைக்குள் ஒளித்துவைப்பார்.

கழற்றிய சாமான்களைத் தரையில் பேப்பர் விரித்து, கல்யாண வீட்டு இலை மாதிரி பரிமாறிவைப்பார். அதனால்தான் பந்தி அண்ணாச்சி. உப்பு வைக்கிற மூலையில் வாஷர், ஊறுகாய் இடத்தில் போல்ட், கூட்டு பொரியல் வரிசையில் வளையங்கள், சோற்று இடத்தில் பெரிய சாமான். "எது எங்க இருக்கணும்னு இலைக்குத் தெரியும். நமக்கு எதுக்கு வே ஞாபகம்?"

இப்பேர்ப்பட்டவரிடம்தான் என் மனைவி சுமதி தன் சைக்கிளைக் கொடுத்தாள்.

நாற்பது தாண்டிய பிறகு அவளுக்கு மலைச் சைக்கிள் பித்து. எனக்கு எஸ்கலேட்டரில் இறங்கவே கைப்பிடி வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை ராஸ் அல் கைமா மலையில் பெண்களுக்கான போட்டி. அவளுக்கு அதுதான் முதல் போட்டி. பார்த்தால் முன்பக்க போர்க்கில், அதாவது பள்ளத்தில் விழுந்தால் அமுங்கி எழுகிற அந்த இரட்டைக் காலில், ஆயில் கசிகிறது. கடையில் கேட்டால் அடுத்த வாரம்தான் சரிசெய்து தர முடியும் என்றார்கள்.

"ஆயில் கசியாம அடைக்கிற புது ரப்பர் சீல் வாங்கி வச்சிருக்கியா தங்கச்சி? அப்பம் கவலைய விடு" என்றார் அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் ஹாலில் பேப்பர் விரிந்தது.

முதலில் போர்க்கின் தலையில் எதையோ அழுத்தினார். புஸ்ஸென்று சீறியது. நான் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்தேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது.

"காத்து எறக்குதேன் வே. பாம்பு இல்ல, வாரும்."

அடுத்து, அடிப்பக்கத்து போல்ட்டைத் தளர்த்தி ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு. போர்க் இரண்டாகக் கழன்று கையோடு வந்தது. எங்கள் சாம்பார்ப் பாத்திரத்தில் கறுப்பாக ஆயில் கொட்டியது. நான் போட்ட சத்தத்தில் சேட்டன் போன் பண்ணி விசாரித்தார்.

"நான் பிள்ளை பெத்தப்பகூட நீங்க இவ்வளவு கத்தலை" என்றாள் சுமதி.

தோசைக்கரண்டியால் பழைய சீலை நெம்பி எடுத்தார். அதன் அடியில் ஆயிலில் ஊறிக் கிடந்த ஸ்பாஞ்ச் வளையங்களை எடுத்துப் பொரியல் இடத்தில் வைத்தார். இலை நிறைந்தது. "ஒரு டீ குடிச்சுட்டு வந்துருதேன். இலையப் பாத்துக்கிடும்" என்று கீழே போய்விட்டார்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆயில்தான் சும்மா இருக்கவில்லை. பேப்பரில் ஊறி ஊறி, சுமதியின் கார்பெட்டை நோக்கி நகர்ந்தது. துடைக்கத் துணி தேடி அங்குமிங்கும் ஓடினேன். பேப்பரை நாலு மூலையும் சேர்த்துச் சடாரென்று மூடிச் சுருட்டிவிட்டேன். உள்ளே உப்பும் ஊறுகாயும் சோறும் ஒன்றாக உருண்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

சுமதி வந்து நின்றாள். "என்ன பண்ணுனீங்க?"

"கார்பெட்டைக் காப்பாத்துனேன்."

"நாளைக்கு ரேஸ் ஓட்டப்போறது கார்பெட்டா?"

அண்ணாச்சி திரும்பி வந்தார். மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டினாலாவது தாங்கியிருப்பேன்.

"பந்தி முடியுமுன்ன இலைய மூடிட்டீரே வே" என்றார், அவ்வளவுதான். உட்கார்ந்து பிரித்தார். ஒரு ஸ்பாஞ்ச் வளையத்தைக் காணோம். அது இல்லாமல் போர்க்கை மூட முடியாது, போட்டியும் கிடையாது என்றார். சோபாவுக்கு அடியில் தேடினோம், பாத்திரத்தைத் துழாவினோம். சுமதி குனிந்து மூலை மூலையாக மொபைல் வெளிச்சம் அடித்தாள்.

அப்போதுதான் அவள் தரையைக் காட்டினாள். ஹாலிலிருந்து பாத்ரூம் வரை, அங்கிருந்து ஃபிரிட்ஜ் வரை, டைல்ஸ் முழுக்க வட்ட வட்டமாக ஆயில் முத்திரை. நான் பதறிப்போய் நடந்த பாதை. வளையம் என் உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி அதை உரித்தெடுத்து, துடைத்து, புது ஆயிலில் ஊறவைத்தார். புதுப் பேப்பர் விரித்தார். "சரி, ரெண்டாம் பந்தி. எல்லாரும் உக்காருங்க." புது சீலை அமுக்கினார், ஊசியில்லாத சிரிஞ்சால் ஆயில் விட்டார், காற்றடித்தார். எனக்குக் கொடுத்த வேலை, கையைக் கட்டிக்கொண்டு இருப்பது.

மறுநாள் சுமதி கடைசிக்கு முந்தியவளாக வந்து சேர்ந்தாள். முகமெல்லாம் புழுதி, பல் மட்டும் வெள்ளை. எல்லாரும் கை தட்டினோம். அண்ணாச்சி மட்டும் குனிந்து போர்க்கை விரலால் தடவினார். விரலை வெயிலில் திருப்பிப் பார்த்தார். ஆயில் இல்லை. "தங்கச்சி, சொட்டுக்கூட வரல" என்றவர், கண்ணில் புழுதி விழுந்துவிட்டதென்று அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

இப்போது அவருக்கு ஓமானில் இருக்கிற சலாலாவுக்கு மாற்றல். சேட்டன் மிக்ஸியைப் போர்வைக்குள் வைப்பதில்லை. போர்க் மறுபடியும் லேசாகக் கசிகிறது. கடையில் கொடுக்கலாமே என்றேன். "அண்ணாச்சி லீவுல இங்க வரட்டும்" என்றாள் சுமதி.

பழைய பேப்பரை நான் தூக்கிப் போடுவதில்லை. அவர் வந்தால் இலை போட வேண்டுமே.